யாருக்காக இந்த இரண்டாவது பற்றரி?

தலைப்பைக் கண்டதும் இது ஏதோ மோட்டார் பொறியியல் கட்டுரை என்று அஞ்சி அன்பர்கள் விலகிவிட வேண்டாம். பற்றரியைப் பற்றித்தான் எழுதப் போகிறேன்; ஆனால் பேச்சு பற்றரியோடு நின்றுவிடப் போவதில்லை. ஊவா மாகாணத்து மலைவீதிகளில் நாள்தோறும் பயணம் செய்யும் தோட்டத்து மக்களின் காதையும் உயிரையும் பற்றியது இது. ரொறன்ரோவிலும் லண்டனிலும் சென்னையிலும் இருந்து இப்பக்கத்தைப் படிப்பவர்களுக்கும் விளங்க வேண்டும் என்பதால், விடயத்தை அடியிலிருந்தே சொல்லிக்கொண்டு போகிறேன்.

பதுளை நகரிலிருந்து பசறை, லுணுகலை, மடுல்சீமை, ஸ்பிரிங்வெளி, பண்டாரவளை, ஹப்புத்தளை என்று எந்தத் திசையில் புறப்பட்டாலும் ஒரு காட்சி தவறாது. வீதி குறுகியது. ஒருபுறம் மலை, மறுபுறம் பள்ளம். நடுவே ஒரு தனியார் பஸ் அல்லது வேன், வண்ண விளக்குகள் மின்ன, உள்ளிருந்து பாட்டு அதிர, வளைந்து வளைந்து வரும். வாகனம் கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே அதன் 'பேஸ்' நம் நெஞ்சுக்கூட்டில் வந்து இடிக்கும். இந்த அதிர்வைத் தருவதற்கு வாகனத்தோடு வந்த மின்சாரம் போதாது. எனவே பாட்டுக்கென்று தனியாக இன்னொரு பற்றரி பூட்டுகிறார்கள். 'பாட்டுக்கு வேற பற்றரி போட்டிருக்கு' என்பது உரிமையாளர் பெருமையோடு சொல்லும் வாசகமாகிவிட்டது.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சொந்த வாகனத்தில் ஒருவர் இரண்டு பற்றரி வைப்பதும் நான்கு வைப்பதும் அவரவர் விருப்பம். ஒழுங்காகப் பூட்டினால் சரி. ஆனால் கட்டணம் வாங்கிப் பயணிகளை ஏற்றும் வாகனத்தில், பாட்டுக்கென்று இன்னொரு பற்றரி தேவைப்படும் அளவுக்கு ஒலி வேண்டியிருக்குமானால், அந்த ஒலி அந்த வாகனத்தில் இருக்கவே கூடாது. அந்தப் பற்றரியே அதற்குச் சாட்சி.

பாட்டின் மீது எனக்குப் பகை கிடையாது. மலையகத்து மக்களின் பாட்டு ஆசையை ஏளனம் செய்யும் கொழும்புக் கனவான்களோடு சேர்ந்து நிற்கவும் நான் தயாரில்லை. அந்த ஆசையின் வரலாறு அவர்களுக்குத் தெரியாது. லயங்களுக்கு மின்சாரம் வருமுன் அங்கே முதன்முதலில் நுழைந்த மின்சாரமே கார் பற்றரிதான். 1979இல் சுயாதீனத் தொலைக்காட்சியும் 1982இல் ரூபவாஹினியும் ஒளிபரப்பைத் தொடங்கிய பின்னர், தோட்டங்களில் எவரேனும் ஒருவர் கறுப்பு வெள்ளைத் தொலைக்காட்சிப் பெட்டி வாங்குவார். அதை இயக்கப் பழைய கார் பற்றரியொன்று வரும். சார்ஜ் இறங்கியதும் அதைத் தோளிலோ தலையிலோ தூக்கிக்கொண்டு, கொழுந்து லொறி கிடைத்தால் அதில் ஏற்றிக்கொண்டு, நகரத்துக் கடைக்குப் போய்ச் சார்ஜ் ஏற்றி வருவார்கள். ஒரு வீட்டுப் பெட்டியை ஒரு லயமே கூடியிருந்து பார்த்த காலம் அது. படம் முடியுமுன் பற்றரி இறங்கிவிட்டால் அத்தனை பேருடைய பெருமூச்சும் ஒன்றாக எழும். செய்தி சேகரிக்கச் சென்ற இடங்களில் நானும் அந்தக் கூட்டத்தில் அமர்ந்திருக்கிறேன்.

அந்தப் பற்றரி ஒரு வீட்டுக்காரருடையது. அதன் பயன் ஒரு லயத்துக்கு. விரும்பியவர் வந்தார், விரும்பாதவர் எழுந்து போனார். இன்றைய பஸ்ஸில் இருப்பதும் பற்றரிதான். ஆனால் பதுளையில் ஏறி மடுல்சீமையில் இறங்க வேண்டிய பெண் எழுந்து எங்கே போவாள்? அடுத்த பஸ் எப்போது வரும் என்பது அவளுக்குத் தெரியும். எனவே வாய்மூடி அமர்ந்திருக்கிறாள். அவள் அமர்ந்திருப்பதைத்தான் உரிமையாளர் 'ரசிக்கிறாள்' என்று மொழிபெயர்க்கிறார்.

இனி அந்த இரண்டாவது பற்றரி உண்மையில் என்ன செய்கிறது என்று பார்ப்போம். ஏனென்றால் இதில் ஒரு பெரிய மயக்கம் இருக்கிறது.

பற்றரி மின்சாரத்தை உண்டாக்குவதில்லை; சேமித்து வைக்கிறது. உண்டாக்குவது எஞ்சினோடு சுழலும் ஓல்டனேட்டர். பழைய சாரதிகள் இன்னும் 'டைனமோ' என்றே சொல்வார்கள். வாகனம் ஓடும்போது விளக்கு, வைப்பர், விசிறி, பாட்டு அனைத்துக்கும் படியளப்பது அந்த ஒன்றுதான். இரண்டாவது பற்றரி என்பது இரண்டாவது சட்டைப் பை போன்றது. பை கூடியதால் சம்பளம் கூடிவிடாது. அந்தப் பையிலிருந்து எடுத்துச் செலவழித்த ஒவ்வொரு அம்பியரையும் பிறகு ஓல்டனேட்டர்தான் திருப்பி நிரப்ப வேண்டும். இழப்புக்காகச் சற்றுக் கூடுதலாகவே நிரப்ப வேண்டும். 'தனிப் பற்றரி போட்டாயிற்று, இனி வண்டிக்குச் சுமையில்லை' என்று சொல்பவர், கடன் வாங்கியவுடன் தம்மைப் பணக்காரர் என்று எண்ணிக்கொள்பவரைப் போன்றவர்.

ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். ஒரு வேனின் ஓல்டனேட்டர் 70 அம்பியர் தரக்கூடியது என்று வைத்துக்கொள்வோம். எஞ்சின் வேகமாகச் சுழலும்போது கிடைக்கும் அளவு அது. மெதுவாகச் சுழலும்போது அதில் பாதியோ, அதற்கும் குறைவாகவோதான் கிடைக்கும். இப்போது 500 வாட் உண்மையாகவே வெளியிடும் பழைய பாணி அம்பிளிபயர் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். உள்வாங்கும் மின்சாரத்தில் ஏறக்குறைய பாதியை வெப்பமாக வீணாக்குவது அதன் இயல்பு. ஆகவே உச்ச ஒலியில் அது 900 வாட் அளவுக்கு இழுக்கும், 13.5 வோல்ட்டில் அது 65 அம்பியருக்கு மேல். பாட்டு எப்போதும் உச்சத்தில் நிற்பதில்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். மூன்றிலொரு பங்கு என்று தயவாகவே கணக்கிட்டாலும் 20 அம்பியர் ஓயாமல் போய்க்கொண்டிருக்கும்.

இனி ஹப்புத்தளையிலோ பண்டாரவளைப் பக்கத்திலோ மூடுபனி இறங்கிய ஒரு மாலையை நினைத்துக்கொள்ளுங்கள். வண்டி ஊர்ந்து செல்கிறது. எஞ்சின் மெதுவாக ஓடுகிறது. ஓல்டனேட்டர் தருவதும் குறைவு. அந்த நேரத்தில்தான் முன்விளக்கு, பனிவிளக்கு, வைப்பர், கண்ணாடிப் பனியைத் துடைக்கும் காற்றூதி எல்லாம் ஒருங்கே வேண்டும். மின்சாரம் மிகவும் தேவைப்படுகிற வேளையும் அது மிகக் குறைவாகக் கிடைக்கிற வேளையும் மலைநாட்டில் ஒன்றாகவே வருகின்றன. அந்த வேளையில் 20 அம்பியரைப் பாட்டுக்கு ஒதுக்கி வைத்திருப்பவரை என்னவென்று சொல்வது? சமவெளிக் கடையொன்றில் சொல்லிக்கொடுத்த கணக்கை அப்படியே கொண்டுவந்து மலையில் பூட்டுகிறார்கள்.

பெரிய பஸ்ஸின் கதை இன்னும் மோசம். அதன் மின்னமைப்பு 24 வோல்ட். 12 வோல்ட் பற்றரிகள் இரண்டைத் தொடராக இணைத்திருப்பார்கள். பாட்டுச் சாதனங்களோ பெரும்பாலும் 12 வோல்ட். முறையாகச் செய்பவர் 24ஐ 12 ஆக்கித் தரும் கன்வேர்ட்டர் ஒன்றை வைப்பார். முறைகேடாகச் செய்பவர் இரு பற்றரிகளில் ஒன்றிலிருந்து மட்டும் வயர் இழுத்துவிடுவார். என்ன நடக்கும்? பாட்டுக்குப் படியளக்கும் பற்றரி நாள்தோறும் இறங்கும். பக்கத்துப் பற்றரி நிரம்பியே இருக்கும். சார்ஜ் ஏற்றும் சாதனத்துக்கு இரண்டும் சேர்ந்த மொத்த வோல்ட் மட்டுமே தெரியும். தனித்தனி நிலை தெரியாது. விளைவாக ஒன்று பட்டினியில் சாகும். மற்றது அளவுக்கு மீறி உண்டு, கொதித்து, நீர் வற்றிச் சாகும். பிறகு ஒருநாள் விடியற்காலை நாலரை மணிக்கு, கொழும்பு வைத்தியசாலைக்குப் போக வேண்டிய நோயாளி ஆசனத்தில் காத்திருக்க, பஸ் ஸ்டார்ட் ஆகாது. இந்த நோய்க்கு மருந்தாகத்தான் பாட்டுக்கெனத் தனிப் பற்றரி பூட்டுகிறார்கள். வேனில் அது இரண்டாவது. பஸ்ஸில் உண்மையில் மூன்றாவது.

பற்றரியைக் கொண்டுபோய் எங்கே வைக்கிறார்கள் என்பதும் ஆராயத் தக்கது. எஞ்சின் அறையில் இடமில்லை. ஆகவே ஆசனத்துக்கு அடியில், அல்லது பின் வரிசைக்குப் பின்னால், பெட்டியோடு பெட்டியாக. ஈய அமிலப் பற்றரி சார்ஜ் ஏறும்போது ஐதரசன் வாயுவை வெளியிடும். அது எரியும் வாயு. மேல்மூடியால் நீர் விடும் சாதாரண வகையைக் காற்றோட்டமில்லாத இடத்தில் பயணிகளுக்கு நடுவே வைப்பது அறிவீனம். வண்டி வளைவில் சாயும்போது இறுகக் கட்டப்படாத பற்றரி சறுக்கும். அதன் முனையில் ஆசனத்தின் இரும்புக் கால் பட்டால் தீப்பொறி பறக்கும்.

எல்லாவற்றையும்விடக் கொடியது பியூஸ் இல்லாத வயர். முன் பற்றரியிலிருந்து பின்னால் உள்ள பற்றரிவரை கனத்த வயர் ஓடுகிறது. தரைத் தகட்டின் ஓட்டை வழியாக அது நுழைகிறது. வீதியின் குலுக்கலில் அதன் மேலுறை நாளுக்கு நாள் தேய்ந்து, ஒருநாள் செம்பு வெளியே தெரிகிறது. தகட்டில் பட்டால் நூற்றுக்கணக்கான அம்பியர் ஒரே கணத்தில் பாயும்; வயர் பழுக்கும்; ஆசன உறை பற்றும். இதைத் தடுக்க வேண்டியது முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் வைக்கும் ஒரு பியூஸ். இரண்டு பற்றரி என்றால் இரண்டு முனையிலும் பியூஸ் வேண்டும். ஏனெனில் வயர் எங்கே அறுந்தாலும் இருபுறமிருந்தும் மின்சாரம் பாயும். மொத்தச் செலவில் மிகச் சிறிய செலவு அது. ஆனால் அது பாடாது, மின்னாது, எவருக்கும் காட்டிப் பெருமைப்படவும் உதவாது. அதனாலேயே விட்டுவிடுகிறார்கள்.

மின்சாரக் கணக்கு இவ்வளவில் நிற்கட்டும். காதுக்கு வருவோம்.

மலைவீதியில் ஹோர்ன் என்பது அலங்காரமல்ல; அது ஒரு மொழி. கண்ணுக்கு எதிர்ப்பக்கம் தெரியாத வளைவில் ஒருவர் ஹோர்ன் அடிக்கிறார். மறுபக்கத்திலிருந்து பதில் வருகிறது. ஒருவர் ஒதுங்கி நிற்கிறார். குறுகிய இடத்தில் பஸ் பின்னால் நகர வேண்டியிருந்தால் நடத்துநர் இறங்கி நின்று குரல் கொடுக்கிறார், அல்லது பக்கத் தகட்டைக் கையால் தட்டுகிறார். அந்தத் தட்டல் ஓசையை நம்பித்தான் சாரதி பின்சக்கரத்தைப் பள்ளத்தின் விளிம்புவரை கொண்டுபோகிறார். படியில் கால் வைத்திருக்கும் கிழவி 'இருப்பா, இருப்பா' என்று கத்துவதும் ஒரு சமிக்ஞைதான். தாழ்ந்த சுருதியில் வரும் பேரொலி, அதனிலும் உயர்ந்த சுருதியில் உள்ள ஓசைகளை விழுங்கிவிடும் என்பது செவிப்புலன் அறிவியலில் பாலபாடம். எனவே 'பேஸ்' அதிரும் வண்டியில் எதிரே வரும் ஹோர்னும் நடத்துநரின் தட்டலும் கிழவியின் குரலும் ஒருங்கே அமிழ்ந்துபோகின்றன.

இந்த வீதிகள் எத்தகையவை என்பதற்குப் பழைய பத்திரிகைகளைத் தேட வேண்டியதில்லை. 2021 மார்ச் 20ஆம் திகதி, லுணுகலையிலிருந்து கொழும்பு நோக்கிச் சென்ற தனியார் பஸ் பசறை 13ஆம் கட்டைப் பகுதியில், கல் சரிந்து வீதி குறுகிக் கிடந்த இடத்தில் பள்ளத்தில் வீழ்ந்தது. பலியானவர்கள் பதினான்குக்குக் குறையார். 2025 செப்டெம்பர் 4ஆம் திகதி இரவு, தங்காலை நகர சபை ஊழியர்கள் சென்ற பஸ் எல்ல - வெல்லவாய வீதியில் பள்ளத்தில் வீழ்ந்து 15 பேர் மாண்டனர். இவ்விபத்துகளுக்குப் பாட்டு காரணம் என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொல்வது இறந்தவர்களுக்கும் உண்மைக்கும் செய்யும் அநீதி. நான் சொல்வது வேறு. ஓர் அடி பிசகினால் இதுதான் முடிவு என்று தெரிந்த வீதியில், சாரதியின் ஐந்து புலன்களில் ஒன்றை வேண்டுமென்றே அடைத்துவிட்டு வண்டியை ஒப்படைப்பது எவ்வகை நியாயம்?

சாரதியும் தொழிலாளியே என்பதையும் மறந்துவிட வேண்டாம். தொழிலிடங்களுக்கு வகுக்கப்பட்ட பரிந்துரையொன்று உலகெங்கும் வழக்கிலுள்ளது. 85 டெசிபல் ஒலியில் எட்டு மணி நேரத்துக்கு மேல் இருக்கலாகாது. ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகக் குறையும். அந்தக் கணக்கில் 94 டெசிபலில் ஒரு மணி நேரம். 100 டெசிபலில் கால் மணி நேரம் மட்டுமே. பதுளைக்கும் கொழும்புக்கும் இடையே எத்தனை மணி நேரம் என்பது அந்த வழியில் போனவர்களுக்குத் தெரியும். இழந்த செவிப்புலன் மீண்டு வராது. நாளை வளைவில் ஹோர்னைக் கேட்க முடியாத சாரதியை இன்றைய பாட்டே உருவாக்கிக்கொண்டிருக்கிறது. பாடசாலை வேன்களின் பின் வரிசையில், சப்வூபர் பெட்டியின்மேல் முதுகைச் சாய்த்து அமர்ந்திருக்கும் பிள்ளைகளைப் பற்றி நான் தனியாகச் சொல்லவும் வேண்டுமா?

எதிர்வாதங்கள் உண்டு. அவற்றைத் தட்டிக்கழிக்க மாட்டேன்.

'பாட்டு இல்லாவிட்டால் சாரதிக்குத் தூக்கம் வரும்' என்கிறார்கள். தூக்கம் வரும் அளவுக்கு ஒருவரை ஓட வைப்பவர் யார்? தூங்கி விழும் சாரதிக்கு வேண்டியது ஓய்வு. அல்லது மாற்றுச் சாரதி. நெஞ்சை அதிர வைத்து ஒருவரை விழித்திருக்கச் செய்வது, களைத்த மாட்டைத் தார்க்குச்சியால் குத்துவதற்குச் சமம்.

'பாட்டு உள்ள பஸ்ஸில்தான் இளைஞர் ஏறுகிறார்கள். போட்டி இருக்கிறது' என்கிறார்கள். போட்டி எங்கே இருக்கிறது? நகரத்துக்கு நகரம் ஓடும் பெருவீதியில் இருக்கலாம். தோட்டத்துக்கு உள்ளே போகும் வீதியில் பயணிக்குத் தெரிவு ஏது? அங்கே வருவதே ஒன்றிரண்டு வண்டி. போட்டியில்லாத வழியில் போட்டியைக் காரணம் காட்டுவது வெறும் சாக்கு.

மூன்றாவது வாதம் வலிமையானது. அதைச் சொல்பவர்கள் நம் இளைஞர்கள். 'எங்களுக்கு இருக்கிற ஒரே சந்தோஷம் இதுதான். பொலிஸார் பிடிப்பதும் எங்களைத்தான். பெரிய முதலாளியின் வாகனத்தை விட்டுவிட்டு எங்கள் ஓட்டோவின் ஸ்பீக்கரைக் கழற்றுகிறார்கள்.' 2025 ஜனவரியில், 'கிளீன் ஸ்ரீ லங்கா' திட்டத்தை ஒட்டிப் பஸ்களிலும் முச்சக்கரவண்டிகளிலும் மேலதிகமாகப் பூட்டியவற்றை அகற்றும் நடவடிக்கையைப் பொலிஸார் தொடங்கினர். சங்கங்கள் எதிர்த்தன, பின்னர் மூன்று மாத அவகாசம் தரப்பட்டது. அப்போது எழுந்த கூச்சலில் எவரும் ஒரு வேறுபாட்டைச் செய்யவில்லை. கண்ணாடியில் ஒட்டிய சாமிப் படமும் பியூஸ் இல்லாத பற்றரி வயரும் ஒரே பட்டியலில் வந்தன. அலங்காரம் வேறு, ஆபத்து வேறு என்று பிரித்துச் சொல்லத் தெரியாத அதிகாரம், இளைஞனின் வெறுப்பைத்தான் சம்பாதிக்கும். 2024இல் நாட்சம்பளம் 1350 ரூபா என்று வர்த்தமானியில் வந்ததையே பெருவெற்றியாகக் கொண்டாட வேண்டியிருந்த சமூகம் இது. அந்தக் கூலி வீட்டில் பிறந்து, கொழும்புக் கடையில் வேலை செய்து, சிறுகச் சிறுகச் சேர்த்து ஓர் ஓட்டோ வாங்கியவன் அதில் இரண்டு ஸ்பீக்கர் பூட்டுவதைக் குற்றமென்று எழுத என் பேனா எழாது.

அவனுக்கு நான் சொல்வதெல்லாம் இதுதான். தம்பி, பூட்டு, ஆனால் தெரிந்து பூட்டு. இரண்டு பற்றரியையும் வெறும் வயரால் ஒன்றாகக் கட்டாதே. வலிந்தது மெலிந்ததற்கு ஊட்டியே இரண்டும் விழும். நடுக்காட்டில் ஸ்டார்ட் ஆகாமல் நிற்பாய். எஞ்சின் ஓடும்போது மட்டும் இரண்டையும் இணைத்து, நின்றதும் பிரித்துவிடும் ரிலே ஒன்றை இடையில் வை. இரண்டு முனையிலும் பியூஸ் வை. வயரின் தடிப்பில் கஞ்சத்தனம் பண்ணாதே. தகட்டைத் துளைக்கும் இடத்தில் ரப்பர் வளையம் போடு. பற்றரியை இறுகக் கட்டு, முனைகளை மூடு. ஸ்டார்ட் பண்ணும் சாதாரணப் பற்றரி முழுதாக இறக்கி ஏற்றும் வேலைக்குச் செய்யப்பட்டதல்ல. சில முறை முழுதாக இறக்கினாலே படுத்துவிடும். கூலிக்கு ஆள் ஏறியதும் பாட்டைக் குறைத்துவிடு. அவர் உன் விருந்தாளி.

ஆனால் அந்தத் தம்பியின் வாதத்தைப் பஸ் உரிமையாளர் இரவல் வாங்கலாகாது. அவருடையது வழித்தட அனுமதிப்பத்திரம் பெற்ற பொதுச் சேவை. கடல் கடந்து ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன். 2022 அக்டோபரில் கேரளத்தின் பாலக்காடு மாவட்டம் வடக்கஞ்சேரியில், பாடசாலைப் பிள்ளைகளைச் சுற்றுலா அழைத்துச் சென்ற பஸ் அரசு பஸ்ஸொன்றின் மீது மோதி 9 பேர் இறந்தனர். அதிவேகமே காரணமாகச் சொல்லப்பட்டது. ஆயினும் அதைத் தொடர்ந்து உயர் நீதிமன்றமும் மோட்டார் வாகனத் துறையும் சுற்றுலா பஸ்களின் வண்ண விளக்குகளையும் ஒலிச் சாதனங்களையும் கணக்கில் எடுத்தன. விதிமீறி ஓடிய வாகனங்கள்மீது நடவடிக்கை வந்தது. ஒலிக்கும் ஒளிக்கும் பித்தேறிய இரசிகர் கூட்டமே அங்கு பஸ்களுக்கு இருந்தது; எதிர்ப்பும் இருந்தது. பிள்ளைகளின் சவப்பெட்டிகளைக் கண்ட பிறகுதான் அதிகாரத்துக்குத் துணிவு வந்தது. நாமும் அதற்காகத்தான் காத்திருக்கிறோமா?

செய்ய வேண்டியது கடினமல்ல. ஒலியளவை அளக்கக் கருவி இல்லை, ஆளில்லை என்று அதிகாரிகள் கைவிரிப்பார்கள். கருவியே வேண்டாம். வாகனத்தோடு வந்த சாதாரண வானொலிப் பெட்டி, நான்கு சிறு ஸ்பீக்கர்களோடு, சில அம்பியரில் பாடிவிடும். அதற்கு இன்னொரு பற்றரி ஒருபோதும் தேவைப்படாது. ஆகவே பயணிகள் வாகனத்துக்கு வருடந்தோறும் தகுதிச் சான்றிதழ் தரும்போது, ஆசனத்தைத் தூக்கிப் பார்த்தாலே போதும். பாட்டுக்கென்று பூட்டிய பற்றரி இருந்தால் ஒலி அளவு மீறியது என்று பொருள், சான்றிதழ் இல்லை. கண்ணால் பார்த்து, ஒரு நிமிடத்தில் முடிவு செய்யக்கூடிய சோதனை இது. இலஞ்சம் கொடுத்து டெசிபல் கணக்கை மாற்றலாம். 25 கிலோ எடையுள்ள ஈயப் பெட்டியை மறைப்பது சற்றுச் சிரமம். மாகாணத்துக்குள் ஓடுபவற்றின் அனுமதிப்பத்திரத்தில் ஊவா மாகாணப் போக்குவரத்து அதிகார சபையும், மாகாணம் விட்டு மாகாணம் ஓடுபவற்றில் தேசிய போக்குவரத்து ஆணைக்குழுவும் இந்த ஒரு வரியைச் சேர்க்கட்டும். மலையகத்தின் பெயரால் வாக்குக் கேட்டு வருகிறவர்கள் பாராளுமன்றத்தில் இதை ஒருமுறையாவது பேசட்டும். லயம், சம்பளம், காணி என்ற பெரிய கோரிக்கைகளுக்கு நடுவே இது சிறியதுதான். ஆனால் நாள்தோறும் இரண்டு வேளை அனுபவிக்கும் சிறுமையைச் சிறியதென்று தள்ளிவைத்தே பழகிவிட்டோம்.

அந்தப் பற்றரிகளைக் கழற்றி என்ன செய்வது என்று கேட்பவர்களுக்கும் விடை உண்டு. 2022 மார்ச் இறுதியில் நாள் ஒன்றுக்கு 13 மணி நேரம்வரை மின்வெட்டு இருந்ததை நாம் கடந்து வந்திருக்கிறோம். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் நாடெங்கும் 600க்கும் மேற்பட்ட உயிர்களைப் பறித்தபோது, பதுளை மாவட்டம் மண்சரிவுகளால் துண்டுதுண்டானது. வீதி போயிற்று, மின்சாரம் போயிற்று, தொலைபேசித் தொடர்பு போயிற்று. உறவினர் உயிரோடு இருக்கிறாரா என்று அறிய முடியாமல் வெளிநாடுகளில் இருந்தோர் தவித்ததை இதைப் படிக்கும் பலர் அறிவீர்கள்.

100 அம்பியர்-மணி பற்றரி ஒன்றில் பாதியை மட்டும் எடுத்தாலும் 600 வாட்-மணி மின்சாரம் உண்டு. 10 வாட் எல்.ஈ.டி. விளக்கொன்று அதில் 60 மணி நேரம் எரியும். இழப்புகளைக் கழித்த பின்னும் இருபது கைத்தொலைபேசிகளை முழுதாகச் சார்ஜ் செய்யலாம். ஒரு சிறு சூரியத் தகடு சேர்ந்தால் மறுநாளும் செய்யலாம். தோட்டத்துக்கு ஒன்று, கோயிலிலோ பிள்ளை மடுவத்திலோ வாசிகசாலையிலோ இப்படியொரு பற்றரி சார்ஜ் ஏறியபடி இருந்தால், அடுத்த மண்சரிவின்போது 'நாங்கள் இருக்கிறோம்' என்று ஒரு சொல் வெளியே போகும். பஸ்ஸில் அதே பற்றரி இரண்டு, மூன்று மணி நேரக் கூச்சலுக்கு இரையாகிறது.

இது பேராசையான யோசனை என்று தோன்றினால், குறைந்தபட்சம் முதற்பாதியையாவது செய்வோம். அடுத்த முறை பஸ்ஸில் ஏறும்போது, அருகிலிருப்பவரின் பேச்சு உங்கள் காதில் விழவில்லையென்றால், நடத்துநரிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள். ஒருவர் சொன்னால் சிரிப்பார். ஐந்து பேர் சொன்னால் குறைப்பார். விடுமுறைக்குத் தாயகம் வந்து வேன் வாடகைக்கு எடுக்கும் வெளிநாட்டு அன்பர்களும் அதைச் சொல்லலாம். பணம் கொடுப்பவர் சொல்லுக்கு மதிப்பு அதிகம். வண்டியில் ஏறுமுன் பாட்டு எப்படி என்று கேட்பதை நிறுத்திவிட்டு, பிரேக் எப்படி, டயர் எப்படி என்று கேட்கத் தொடங்குங்கள்.